சேவை மட்டும் போதாது. பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் வேண்டும்!

(இளைஞர்களும் வணிகப் பெருமக்களும் கலந்துகொண்ட கல்வி விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

ஏக இறைவனின் திருப்பெயரால்...

 

கல்விக் கூட்டம் என்றால் டாக்டர், இன்ஜினியர், ஐ.ஏ.எஸ். என்று மூன்று சொற்களோடு கலைந்து செல்வது நமக்குப் பழக்கமாகிவிட்டது. அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் சமுதாயத்திற்கு மிக அவசரமாகத் தேவைப்படுகிற ஒரு படிப்பு இருக்கிறது. அதன் பெயரே நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் ‘அதையெல்லாம் படிக்க வேண்டுமா? நாங்கள்தான் செய்துகொண்டிருக்கிறோமே’ என்கிறார்கள். அதுதான் சமூகப் பணிப் படிப்பு. எம்.எஸ்.டபிள்யூ. என்று மூன்று எழுத்தில் சொல்வார்கள். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நம்மிடம் சேவைக்குப் பஞ்சமில்லை

முதலில் நம்முடைய பெருமையைச் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது நாகை மாவட்டக் கடற்கரையில் உடல்களைத் தூக்கிச் சுமந்தவர்களில் நம் இளைஞர்கள் இருந்தார்கள். இறந்தவர் எந்த மதத்தவர் என்று அவர்கள் கேட்கவில்லை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது பள்ளிவாசல்கள் திறந்துவிடப்பட்டன. படகிலும் தோளிலும் உணவுப் பொட்டலங்கள் போய்ச் சேர்ந்தன. 2020, 2021 கொரோனா காலத்தில் பெற்ற பிள்ளையே நெருங்க அஞ்சிய உடல்களை நம் தொண்டர்கள் அவரவர் மத முறைப்படி அடக்கம் செய்தார்கள். இரத்த தானம், ஆம்புலன்ஸ், ரமளானில் அரிசி மூட்டை என்று எதிலும் நாம் பின்தங்கவில்லை.

அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் சகோதரர்களே, இவை அனைத்தும் ஆபத்து நேரத்து உதவிகள். வெள்ளம் வடிந்த பிறகு, ஜனாஸா அடக்கப்பட்ட பிறகு, அரிசி மூட்டை தீர்ந்த பிறகு அந்தக் குடும்பத்தின் கதி என்ன? அந்த மறுநாளைப் பார்க்க நம்மிடம் யார் இருக்கிறார்கள்?

ஐயாயிரம் ரூபாய் கேட்டு வந்த பெண்

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு பெண் பைத்துல்மாலுக்கு வருகிறாள். கணவன் இரண்டு ஆண்டுகளாகப் பேச்சில்லை, பணமும் அனுப்பவில்லை. மூன்று பிள்ளைகள். ‘ஐயாயிரம் ரூபாய் கொடுங்கள்’ என்கிறாள். நாம் என்ன செய்கிறோம்? நான்கு பெரியவர்கள் நடுவில் அவளை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறோம். அவள் பாதியைச் சொல்கிறாள், மீதியை விழுங்குகிறாள். இரக்கப்பட்டு மூவாயிரம் கொடுக்கிறோம். மூன்று மாதம் கழித்து அவளே திரும்ப வருகிறாள். ‘போன தடவைதானே கொடுத்தோம்’ என்று நமக்கு எரிச்சல் வருகிறது. ஊரில் அவளுக்கு ‘கேட்டு வாங்குகிறவள்’ என்று பெயராகிவிடுகிறது.

பயிற்சி பெற்ற ஒரு சமூகப் பணியாளர், அதிலும் ஒரு பெண், அந்த இடத்தில் இருந்தால் என்ன நடக்கும்? அவளைத் தனியாக உட்கார வைத்துப் பேசுவார். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டுவிட மாட்டார். வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார். அந்த ஐயாயிரம் எதற்கு என்று விசாரிப்பார். வாராவாரம் வட்டிக்காரனுக்குக் கட்ட வேண்டிய தவணை என்பது அங்கேதான் தெரியவரும். மூத்த பையன் எட்டாம் வகுப்போடு நின்று கறிக்கடையில் வேலை செய்வது தெரியவரும். ரேஷன் அட்டையில் பெயர் நீக்கப்படாமல் கிடப்பது, கைவிடப்பட்ட பெண்களுக்கான அரசு உதவித் தொகைக்கு இன்னும் மனு கொடுக்காதது, திருமணத்திற்கு முன்பு அவள் தையல் கற்றிருந்தது எல்லாம் தெரியவரும்.

பிறகு அவளோடு சேர்ந்து உட்கார்ந்து ஒரு திட்டம் எழுதுவார். கடனுக்கு என்ன வழி, பையனைப் பள்ளிக்கு எப்படித் திருப்புவது, கணவன் வீட்டாரிடம் யார் பேசுவது, தேவைப்பட்டால் ஜீவனாம்சத்துக்கு எந்த வக்கீலிடம் போவது, தையல் மெஷின் எங்கிருந்து வாங்குவது என்று ஒவ்வொன்றாக எழுதுவார். எதை முதலில் செய்வது என்ற முடிவை அவளிடமே விடுவார். மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துக் குறிப்பு எழுதுவார். அவள் தன் காலில் நின்ற நாளில் அந்தக் கோப்பை மூடுவார். அவள் சொன்னது எதுவும் டீக்கடைக்கு வராது!

இரண்டு வழிகளிலும் பணம் செலவாகிறது. ஆனால் முதல் வழியில் பணம் தீர்கிறது, பிரச்சினை தீரவில்லை. வணிகர்களாகிய உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. இலாப நட்டம் பார்க்காமல் எந்தக் கடையையும் நீங்கள் நடத்த மாட்டீர்கள். ஆனால் ஸகாத் பணத்துக்கு மட்டும் ‘கொடுத்தோம்’ என்பதோடு கணக்கை முடித்துக்கொள்கிறோம்.

கோடரிக்குக் காம்பு போட்ட கரம்

‘இதெல்லாம் மேல்நாட்டுப் படிப்பு, நமக்கு எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அபூதாவூத், இப்னுமாஜா போன்ற ஹதீஸ் நூல்களில் இடம்பெற்றுள்ள ஒரு சம்பவத்தை நினைவூட்டுகிறேன்.

அன்சாரிகளில் ஒருவர் உதவி கேட்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தார். உடனே எதையும் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடாமல், வீட்டில் என்ன இருக்கிறது என்று அவரிடம் கேட்டார்கள். ஒரு விரிப்பும் தண்ணீர் குடிக்கும் ஒரு பாத்திரமும் இருந்தன. அவற்றைக் கொண்டுவரச் சொல்லி அங்கேயே ஏலம் விட்டு இரண்டு திர்ஹம் பெற்றுத் தந்தார்கள். ஒரு திர்ஹத்தில் குடும்பத்துக்கு உணவு, மற்றொன்றில் ஒரு கோடரி. அந்தக் கோடரிக்குத் தமது கரத்தாலேயே காம்பு பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்கச் சொல்லி, 15 நாட்கள் கழித்து வரச் சொன்னார்கள். அவர் பத்து திர்ஹம் சம்பாதித்துத் திரும்பி வந்தார்.

சிந்தித்துப் பாருங்கள்! வந்தவரின் நிலையை விசாரித்தறிதல். அவரிடம் இருப்பதிலிருந்தே தொடங்குதல். இன்றைய பசிக்கும் நாளைய பிழைப்புக்கும் சேர்த்து வழி செய்தல். கருவியைக் கையில் கொடுத்தல். தவணை குறித்துத் திரும்பப் பார்த்தல். இன்று பல்கலைக்கழகங்களில் தனிநபர்ப் பணி என்ற பாடத்தில் கற்றுத் தரும் படிகள் இவைதாம். நம் வீட்டுச் சொத்தை அடுத்தவர் பாடமாக்கிப் படிக்கிறார்கள். நாம் அரிசி மூட்டையோடு நின்றுவிட்டோம்.

இது படிப்பான கதை

மேல்நாட்டிலும் இது எடுத்த எடுப்பில் படிப்பாகிவிடவில்லை. அங்கும் பணக்காரர்கள் பொழுது கிடைத்தபோது செய்த தர்மமாகவே இருந்தது. 1898இல் நியூயார்க்கில் ஒரு தர்ம அமைப்பு தன் ஊழியர்களுக்குக் கோடைக்காலப் பயிற்சி நடத்தியது. அதுவே வளர்ந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகப் பணிக் கல்லூரியானது. 1915இல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் என்ற கல்வியாளர் ஒரு மாநாட்டில், ‘சமூகப் பணி ஒரு தொழிலா?’ என்று கேட்டு, இன்னும் ஆகவில்லை என்றே பதில் சொன்னார். டாக்டருக்கும் வக்கீலுக்கும் இருப்பதுபோல இதற்கென்று தனி அறிவும் முறையும் பொறுப்பும் எங்கே என்பதுதான் அவருடைய வாதம். துறையினர் கோபித்துக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. இரண்டே ஆண்டில், 1917இல், மேரி ரிச்மண்ட் என்ற பெண்மணி ஒரு குடும்பத்தின் பிரச்சினையை எப்படி முறையாக ஆராய்வது என்று ஒரு பெரும் நூலையே எழுதினார்.

நம் நாட்டில் இந்தப் படிப்பு பிறந்த இடத்தைக் கேட்டால் வியப்பீர்கள். பம்பாயில் முஸ்லிம்கள் நிறைந்து வாழும் நாக்பாடா பகுதியில் கிளிஃபோர்டு மான்ஷார்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1920களில் ஒரு மக்கள் நல மையம் நடத்தினார். நல்லெண்ணம் மட்டும் போதாது, பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும் என்பதை அந்தத் தெருக்களில்தான் உணர்ந்தார். டாட்டா அறக்கட்டளையின் துணையோடு 1936இல் சர் தோராப்ஜி டாட்டா சமூகப் பணிப் பள்ளி அங்கே தொடங்கியது. அதுவே 1944இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று பெயர் மாறி, இன்று உலகம் அறிந்த நிறுவனமாக நிற்கிறது. சென்னையில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் சமூகப் பணிப் பள்ளி வந்தது. பிறகு லயோலா, ஸ்டெல்லா மாரிஸ் என்று கிறிஸ்தவக் கல்லூரிகள் இப்படிப்பைக் கையில் எடுத்தன. நம் சமுதாயத் தலைவர்கள் 1920இல் நிறுவிய ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவிலும் 1967 முதல் இது கற்பிக்கப்படுகிறது.

ஆக, நம் வாசலில் பிறந்த படிப்பு இது. ஆனால் நம் பிள்ளைகள் எத்தனை பேர் உள்ளே போனார்கள்? நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் பட்டமேற்படிப்பு படிப்போரில் 50 பேருக்கு ஒருவர்தான் முஸ்லிம் என்று 2006இல் சச்சார் குழு அறிக்கை சொன்னது. சமூகப் பணித் துறை மட்டும் இதற்கு விதிவிலக்காக இருந்திருக்குமா?

இரண்டு ஆண்டில் என்ன கற்கிறார்கள்?

எந்தப் பட்டம் பெற்றவரும் எம்.எஸ்.டபிள்யூ. சேரலாம். பி.காம். படித்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் தம்பியும் சேரலாம். அரபிக் கல்லூரியில் ஓதிக்கொண்டே பட்டம் முடித்த ஆலிமும் சேரலாம். வகுப்பறையில் உளவியல், சமூகவியல், சட்டம், ஆய்வு முறை ஆகியவை பாடங்கள். ஆனால் இந்தப் படிப்பின் உயிர் களப்பணி. வாரத்தில் பொதுவாக இரண்டு நாள் மருத்துவமனை, குடிசைப் பகுதி, சிறுவர் இல்லம், தொழிற்சாலை என்று எங்காவது பணி செய்ய வேண்டும். பார்த்ததையும் பேசியதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆசிரியர் அதைப் படித்து, ‘இங்கே நீ அவர் பேச்சைக் கேட்கவில்லை, உபதேசம் செய்திருக்கிறாய்’ என்று திருத்துவார்.

இந்தத் திருத்தம்தான் சமூகப் பணியாளரை உருவாக்குகிறது. எதிரில் இருப்பவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் கேட்பது, இரகசியம் காப்பது, முடிவெடுக்கும் உரிமையை அவரிடமே விடுவது. கேட்பதற்கு எளிது. குடித்துவிட்டு மனைவியை அடித்தவன் எதிரில் உட்காரும்போதுதான் அதன் கஷ்டம் தெரியும். நல்ல மனம் உள்ளவருக்கெல்லாம் இது தானாக வந்துவிடாது, பழக வேண்டும்.

பெயரை யார் வேண்டுமானாலும் போடலாமா?

சுவரொட்டிகளைப் பாருங்கள். ‘சமூக சேவகர்’ என்ற பட்டம் இல்லாத பெயரே இல்லை! டாக்டர் என்று போட்டுக்கொண்டு ஊசி போட்டால் போலீஸ் வரும். வக்கீல் என்று பொய் சொன்னால் பார் கவுன்சில் கேட்கும். ஆனால் சமூகப் பணியாளர் என்று யார் சொன்னாலும் கேட்பாரில்லை. காரணம், இத்துறை முழுவதையும் ஒழுங்குபடுத்தும் கவுன்சில் நம் நாட்டில் அமையவில்லை. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் பட்டியலில் மருத்துவ, மனநல சமூகப் பணியாளர்கள் இடம்பெற்றது ஒரு தொடக்கம். அடையாளம் தெளிவில்லாததால் படித்தவர்களே சோர்ந்து, கம்பெனிகளின் மனிதவளத் துறைக்குப் போய்விடுகிறார்கள்.

இருந்தாலும் சட்டம் இவர்களுக்குச் சில முக்கியமான நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, 18 வயது நிரம்பாத ஒரு பையன் குற்ற வழக்கில் சிக்கினால் அவனை விசாரிக்கும் வாரியத்தில் ஒரு நீதித்துறை நடுவரோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் அமர்கிறார்கள். அவர்களில் ஒருவராவது பெண். அவன் குடும்பச் சூழல் பற்றிய சமூக விசாரணை அறிக்கை அந்த வாரியத்தின் முன் வைக்கப்படுகிறது. நம் பையன் ஒருவன் அங்கே நிற்கும்போது நாம் வக்கீலைத் தேடி ஓடுகிறோம். அவன் யார், ஏன் இப்படி ஆனான், அவனை எப்படி மீட்கலாம் என்று எழுதத் தெரிந்தவரை நாம் தேடுவதே இல்லை!

2001 ஆகஸ்ட் 6 நினைவிருக்கிறதா? ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர்கள்! தர்கா பற்றிய மார்க்கக் கருத்து வேறுபாட்டைப் பேச நான் வரவில்லை. வழி தெரியாத குடும்பங்கள்தாம் தங்கள் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் விட்டன. இது நோய், இதற்கு மருந்து உண்டு, இன்ன மருத்துவமனைக்குப் போங்கள், வீட்டில் இப்படிக் கவனியுங்கள் என்று கூடவே நின்று சொல்ல ஒருவர் இருந்திருந்தால்? பின்னர் ஏர்வாடியில் துஆவோடு மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை அடியோடு தடை செய்தது. அதே சட்டம் மனநல சமூகப் பணியாளர் யார் என்றும் வரையறுத்தது: எம்.எஸ்.டபிள்யூ. முடித்து, அதற்கு மேல் இரண்டு ஆண்டு எம்.ஃபில். பயிற்சியும் பெற்றவர். பார்த்தீர்களா? உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் சட்டம் சுவரொட்டிப் பட்டத்தை ஏற்கவில்லை.

சம்பளம் வாங்கினால் அது சேவையா?

இப்போது உங்கள் மனதில் இருக்கும் கேள்விக்கு வருகிறேன். ‘அல்லாஹ்வுக்காகச் செய்வதற்குச் சம்பளமா?’

திருக்குர்ஆனில் ஸகாத் பெறத் தகுதியானவர்களைப் பட்டியலிடும் ஒன்பதாம் அத்தியாயத்தின் 60ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். எட்டு வகையினரில் மூன்றாவதாகச் சொல்லப்படுபவர் யார்? ஏழைக்கும் வறியவருக்கும் அடுத்து, அந்த ஸகாத்துக்காக உழைக்கும் பணியாளர்! உதவி உரியவரிடம் போய்ச் சேர உழைப்பவருக்கு அந்த நிதியிலேயே பங்கு உண்டு என்று 1,400 ஆண்டுகளுக்கு முன்பே இறைவன் சொல்லிவிட்டான். ஸகாத் வசூலித்து வந்த ஒரு தோழர், ‘அல்லாஹ்வுக்காகச் செய்தேன், கூலி வேண்டாம்’ என்று மறுத்தபோது உமர் (ரலி) அவர்கள், தாமும் முன்பு அப்படிச் சொன்னதையும், பெற்றுக்கொள்ளும்படி நபிகளார் (ஸல்) தமக்குச் சொன்னதையும் எடுத்துக்கூறி வாங்க வைத்தார்கள். இமாமுக்கும் மதரஸா உஸ்தாதுக்கும் நாம் சம்பளம் கொடுக்கிறோம். அதனால் அவர்களின் இக்லாஸ் குறைந்துவிட்டதா?

அதே மார்க்கம் கண்டிப்பையும் சொல்கிறது. ஸகாத் வசூலிக்கப் போனவர் ஒருவர், ‘இது உங்களுக்கு, இது எனக்கு வந்த அன்பளிப்பு’ என்று பிரித்து வைத்தபோது நபிகளார் (ஸல்) மிம்பரில் ஏறி அதைக் கண்டித்தார்கள். ஊதியம் உண்டு, அன்பளிப்பு கிடையாது. இன்று தொழில் நெறிமுறை என்று புத்தகம் போட்டுச் சொல்வது இதைத்தான். சம்பளம் இல்லாதவரிடம் ‘ஏன் வரவில்லை’ என்று கேட்க முடியாது. சம்பளம் வாங்குகிறவரிடம் கணக்குக் கேட்கலாம்.

என்ன செய்யப் போகிறோம்?

வணிகப் பெருமக்களே! உங்களிடம் நான் புதிய நன்கொடை கேட்கவில்லை. கொடுக்கிற ஸகாத்திலும் ஸதக்காவிலும் ஒரு பகுதியை, மார்க்க அறிஞர்களிடம் கேட்டுத் தெளிவு பெற்று, இதற்கு ஒதுக்குங்கள். ஒரே ஊரின் ஜமாஅத்துகள் இரண்டு மூன்று சேர்ந்தால் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் படிப்புச் செலவைத் தாராளமாக ஏற்கலாம். படித்து வந்தவரை அவமானச் சம்பளத்தில் வைக்காதீர்கள். உங்கள் ஆடிட்டரிடம் பேரம் பேசுவீர்களா?

இளைஞர்களே! நீங்கள் ஏற்கெனவே களத்தில் இருக்கிறீர்கள். படிப்பு அந்தக் களத்துக்கு முறையைத் தரும். பட்டம் முடித்தவர்கள் விண்ணப்பியுங்கள். முடியாதவர்கள் இன்றிலிருந்தே இரண்டு பழக்கங்களைத் தொடங்குங்கள். ஒன்று, உதவிய குடும்பத்தைப் பற்றிக் குறிப்பு எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்பிப் போய்ப் பாருங்கள். இரண்டு, உதவி வாங்குபவர் முகத்தைப் படம் எடுத்துப் பரப்பாதீர்கள். அவர் மானம் நம் விளம்பரத்துக்கு விலையாகக் கூடாது.

பெற்றோர்களே! பெண்பிள்ளை எம்.எஸ்.டபிள்யூ. கேட்டால், ‘ஊர் சுற்றும் வேலை’ என்று தடுக்காதீர்கள். ஜமாஅத் பெரியவர்களிடம் சொல்ல முடியாமல் நம் வீடுகளுக்குள் புழுங்கும் துயரங்களை ஒரு பெண்ணிடம்தான் நம் பெண்கள் சொல்வார்கள். 2007 முதல் தமிழகத்தில் நமக்குக் கிடைத்த 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு பட்டமேற்படிப்புக்கும் பயன்படும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

முஸ்லிம் கல்லூரி நிர்வாகிகளே! வணிகவியலுக்கும் கணினிக்கும் கட்டடம் எழுப்பினீர்கள். சமூகப் பணித் துறைக்கும் ஓர் இடம் கொடுங்கள். மாணவர்களைக் களப்பணிக்கு நம் பைத்துல்மாலுக்கே அனுப்புங்கள். அவர்கள் நம் குறைகளை எழுதிக் காட்டட்டும்.

இறுதியாக ஒன்று. இப்படி உருவாகும் சமூகப் பணியாளர் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியவர் அல்லர். சுனாமியில் மதம் கேட்காமல் தூக்கிய கைகள் நம்முடையவை. அரசு மருத்துவமனை வார்டிலும் சிறார் வாரியத்திலும் நம் பிள்ளை அமர்ந்திருக்கும்போது, அங்கே வரும் ஒவ்வோர் ஏழைக்கும் அவர் சொந்தக்காரர். நம்மைப் பற்றிப் பரப்பப்படும் ஆயிரம் அவதூறுகளுக்கு அந்த ஒரு நாற்காலி பதில் சொல்லும்.

அடுத்த ஆண்டு சேர்க்கைக்கு இந்த ஊரிலிருந்து எத்தனை பேர்? கூட்டம் கலைவதற்கு முன் அதை முடிவு செய்துவிட்டுப் போங்கள். அல்லாஹ் நம் எண்ணங்களை ஏற்று, நம் முயற்சிகளில் பரக்கத் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.